மீந்த சுக்காவில் ஒரு சட்டி சில்லி

ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற எந்த வீட்டிலும் திங்கட்கிழமை காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். கொஞ்சம் சுக்கா, இல்லையென்றால் குழம்பிலிருந்து எடுத்து வைத்த எலும்பும் கறியும். அதில் தண்ணீர் தெளித்து அடுப்பில் வைத்துச் சூடு பண்ணுவோம். மத்தியானம் ஒரு தடவை, மிச்சமிருந்தால் ராத்திரி இன்னொரு தடவை. ஒவ்வொரு சூட்டுக்கும் கறி இன்னும் கொஞ்சம் வறண்டு நார்நாராகி, கடைசியில் பிள்ளைகள் மென்று துப்புகிற நிலைக்கு வந்துவிடும். ஆட்டுக்கறி விற்கிற விலையில் இப்படிச் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். வெந்த கறியைத் திரும்ப வேகவைக்கக் கூடாது. புதிதாக ஒரு மசாலாவைத் தனியாக, அவசரப்படாமல், அதற்குரிய நேரம் கொடுத்துக் கொதிக்கவிட்டு, கறியைக் கடைசியில்தான் அதில் இறக்க வேண்டும். இதற்கு எனக்குத் தெரிந்து ரொம்பத் தோதான சாப்பாடு டெக்சாஸ்காரர்களின் சில்லி.

ரோட்டுக் கடையில் சிவப்பாகப் பொரித்துத் தருகிற சில்லி சிக்கன் வேறு, இது வேறு. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, பூண்டும் சீரகமும் சேர்த்து, அதில் கறியைப் போட்டு மெதுவாகக் கொதிக்கவைத்துக் கெட்டியாக எடுக்கிற ஒரு கறிச்சாறு. சில்லி கான் கார்னே என்பார்கள். என் அண்ணன் குடும்பம் டெக்சாஸின் ஹூஸ்டனில் இருக்கிறது. அங்கே நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முழு வான்கோழியைச் சுட்டு வைத்துச் சாப்பிடுவார்களாம், ஒரு வான்கோழியை ஒரு குடும்பம் ஒரு வேளையில் எப்படி முடிக்கும், மறுநாள் அந்த மிச்சக் கறி நிறைய வீடுகளில் சில்லிச் சட்டிக்குத்தான் போகுமாம். மதினி லீவுக்கு மதுரை வந்திருந்தபோது, தீபாவளிக்கு மறுநாள், எங்கள் அடுப்படியிலேயே செய்து காட்டினார். நம் ஊரில் தீபாவளி என்றால் காலையில் இட்லிக்கே கறிக்குழம்புதான், அதனால் மறுநாள் மிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை.

அப்பத்தா கிண்ணத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னத்தா இது, குழம்பாவும் இல்ல, கூட்டாவும் இல்ல?" என்றார்.

"சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க அப்பத்தா, வேணாம்னா வச்சிருங்க" என்றார் மதினி.

இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அப்பத்தா சொன்னது இதுதான். "சீரகம் தூக்கலா இருக்கு. நல்லாத்தான் இருக்கு. உப்புக்கறியில பயறு போட்ட மாதிரி இருக்குத்தா."

அவர் போகிற போக்கில் சொன்னாலும் எனக்கு அதிலிருந்துதான் விஷயம் பிடிபட்டது. நம் பக்கத்து உப்புக்கறியில் என்ன போடுகிறோம்? கறி, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, உப்பு, எண்ணெய். தேங்காயும் இல்லை, ஏலம் பட்டை கிராம்பும் பேருக்குத்தான். டெக்சாஸ் சில்லியிலும் இதே சாமான்கள்தான், கூடச் சீரகம் சேரும், கறியைச் சாறோடு விடுவார்கள். மிளகாயே மெக்சிகோப் பக்கத்துச் செடி, போர்ச்சுகீசியர்கள் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. சீரகமோ அந்தப் பக்கத்துச் செடி இல்லை. 1731இல் கேனரி தீவுகளிலிருந்து டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குக் குடியேறிய குடும்பங்கள் அதை அங்கே கொண்டுபோனதாகச் சொல்வார்கள். மிளகாய் இங்கே வந்தது, சீரகம் அங்கே போனது, இரண்டு ஊரும் இரண்டையும் கறியோடு சேர்த்துக்கொண்டன. அதனால்தான் இந்தச் சாப்பாட்டுக்கு வேண்டிய சாமான் ஏறக்குறைய எல்லாமே நம் அஞ்சறைப் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது.

சான் அன்டோனியோ பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே 1880கள் தொடங்கி மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பொழுது சாய்ந்ததும் ஊர் நடுத் திடல்களில் அடுப்பும் மேசையும் விளக்கும் வைத்து இதைக் கிண்ணம் கிண்ணமாக விற்றிருக்கிறார்கள். சில்லி ராணிகள் என்று பெயர். 1930களின் பிற்பகுதியில் சுகாதார விதிகளைக் காட்டி அந்தக் கடைகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். ஆனால் சாப்பாடு போகவில்லை, 1977இல் டெக்சாஸ் அரசு சில்லியையே மாநிலத்தின் அதிகாரப்பூர்வ உணவாக அறிவித்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெயர் போன மதுரையில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, ஒரு நகரத்தின் ருசியைத் தெருவில் அடுப்பு வைத்த பெண்கள்தான் உண்டாக்கினார்கள் என்பது எனக்கு உடனே புரிகிறது. பெயர் தெரியாத அந்தப் பெண்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சரி, கறிக்கு வருவோம். எந்த மிச்சம் இதற்கு ஆகும், எது ஆகாது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

சுக்கா வறுவல்தான் முதல் இடம். பச்சைக் கறியில் சில்லி செய்பவர்கள் முதலில் கறியைச் சட்டியில் போட்டு நாலு பக்கமும் சிவக்கும்வரை பிரட்டி எடுப்பார்கள், அந்தச் சிவந்த தோலில்தான் ருசி. சுக்காவில் அந்த வேலை நேற்றே முடிந்துவிட்டது. மிளகும் சீரகமும் ஏறி, எண்ணெயில் சுருண்டு வறுபட்ட கறி அது. உப்புக்கறி மிஞ்சினால் இன்னும் விசேஷம், ஆனால் அது மிஞ்சி நான் பார்ப்பது அபூர்வம். குழம்புக் கறியென்றால் துண்டுகளை மட்டும் வழித்து எடுத்துக்கொள்ளுங்கள், தேங்காய் அரைத்த குழம்பைச் சட்டியில் சேர்க்க வேண்டாம், அதைத் தனியாக தோசைக்கு வைத்துக்கொள்ளலாம். பிரியாணிக் கறி சுமார்தான். புதினாவும் கிராம்பும் உள்ளே இறங்கியிருக்கும், தக்காளி கூடச் சேர்த்தால் சமாளிக்கலாம். நாட்டுக்கோழி நன்றாக இருக்கும், பிராய்லர் என்றால் கையால் பிய்த்துக் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் போடுங்கள். தலைக்கறியில் பசை அதிகம், அதனால் சாறு தானாகவே திக்காகும். ஈரல், குடல், ரத்தப் பொரியல் வேண்டாம். ஈரல் இரண்டாம் சூட்டில் மணல் மாதிரி ஆகிவிடும், சட்டி முழுக்க அதன் வாடையே நிற்கும்.

கோலா உருண்டை மிஞ்சியிருக்கிறதா? அதை விட்டுவிடாதீர்கள். உதிர்த்துத் தூளாக்கி ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஒரு கண்டிப்பான விஷயம். வீட்டில் சமைத்து, சாப்பிட்டு முடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போன கறி மட்டுமே மிச்சக் கறி. வெயில் 32 டிகிரிக்கு மேல் போகிற நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு, மதுரையில் வருஷத்தின் பெரும்பகுதி அப்படித்தான். கோயில் கிடா விருந்தில் விடியற்காலை சமைத்து மத்தியானம் மூன்று மணிவரை அண்டாவில் இருந்த கறியைத் தூக்குவாளியில் வாங்கி வந்து சாயங்காலம் எடுத்து வைப்பது இந்தக் கணக்கில் சேராது. அதை நான் சில்லிக்கு எடுக்கவே மாட்டேன். பெரிய அண்டாவில் கறி மெதுவாக ஆறும்போது, சமைத்த சூட்டையே தாங்கிப் பிழைத்திருக்கிற சில கிருமி வித்துகள் முளைத்துப் பெருகுவதற்கு நல்ல வசதி. கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் அதற்குள் கக்கி வைத்த விஷம் கொதிநிலையிலும் அழியாது. வீட்டிலும் பெரிய சட்டியோடு ஃபிரிட்ஜுக்குள் தள்ளாமல், ஆழமில்லாத இரண்டு மூன்று டப்பாக்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் குளிரும். மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள், அதற்குள் செய்துவிடுங்கள். கரண்ட் ரொம்ப நேரம் போன நாளாக இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

குளிர்ந்த சுக்காவை வெளியே எடுத்ததும் மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருக்கும். அதைக் கரண்டியால் வழித்துத் தனியே வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம். எலும்பிலிருந்து கறியை விரலால் பிரித்தெடுங்கள். கத்தி தேவைப்படாது, குளிர்ந்த சுக்கா இழையோடு இழையாகத் தானே பிரியும். சுண்டு விரல் நக அளவுக்குச் சில துண்டுகள், மற்றது பிசிறு பிசிறாக, இப்படி இரண்டு பதமும் கலந்திருந்தால் வாய்க்கு நன்றாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி கொத்தினால் கொத்துக்கறி ஆகிவிடும், சாறில் காணாமல் போய்விடும். பிரித்த எலும்புகளை குக்கரில் போட்டு, நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரு சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு ஐந்தாறு விசில் விடுங்கள். மூட்டெலும்பு இருந்தால் யோகம். அந்தத் தண்ணீரில் இறங்குகிற பசைதான் சில்லிக்கு உடம்பு கொடுப்பது, உதட்டில் லேசாக ஒட்ட வேண்டும்.

அடுத்தது மிளகாய். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் சில்லி பவுடர் மூன்று மேசைக்கரண்டி என்று இருக்கும். அதைப் பார்த்து நம் வீட்டு மிளகாய்ப் பொடியை மூன்று மேசைக்கரண்டி போட்டால் ஒருத்தரும் வாயில் வைக்க முடியாது. 1890களில் டெக்சாஸில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் விற்க ஆரம்பித்த அந்த வகைப் பொடி, காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ எல்லாம் சேர்த்து அரைத்தது. நம் குழம்பு மசாலாத்தூளைப் போல அதுவும் ஒரு கூட்டுப் பொடி.

பொடியை விட முழு மிளகாயில் செய்வதுதான் எனக்குப் பிடிக்கும். அவர்கள் ஆன்ச்சோ என்று ஒரு காய்ந்த மிளகாய் பயன்படுத்துவார்கள், பொப்ளானோ என்ற பெரிய மிளகாயைப் பழுக்கவிட்டுக் காயவைத்தது, காரம் கம்மி, நிறமும் இனிப்பும் அதிகம். அதன் இடத்துக்கு நம்மிடம் காஷ்மீரி மிளகாய் இருக்கிறது. ஆனால் வெறும் காஷ்மீரியில் செய்தால் நம் நாக்குக்கு அது சாப்பாடாகவே படாது. அதனால் ராமநாதபுரம் குண்டு மிளகாயைக் கொஞ்சம் சேர்க்கிறேன். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் மானாவாரியில் விளைகிற உருண்டை மிளகாய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கேட்டால் கிடைக்கும், கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும், அதுதான் நன்றாகக் காய்ந்தது. அரை கிலோ கறிக்கு எட்டு காஷ்மீரி, ஐந்து குண்டு. காரம் தாங்குகிற வீடென்றால் குண்டு ஏழு வரைக்கும் போகலாம்.

காம்பைக் கிள்ளி, விதையைப் பாதி உதறிவிட்டு, வெறும் சட்டியில் சிறு தீயில் பிரட்டுங்கள். வாசம் வந்து தோல் லேசாக உப்பினால் போதும். கறுக்க விட்டால் கசப்பு வரும், அந்தக் கசப்பை எந்தச் சர்க்கரையாலும் மறைக்க முடியாது. எடுத்து வெந்நீரில் இருபது நிமிடம் ஊறப்போட்டு, எட்டுப் பல் பூண்டு, இரண்டு தேக்கரண்டி வறுத்த சீரகம், ஒரு தேக்கரண்டி மல்லி சேர்த்து வழுவழுவென்று அரைக்க வேண்டும். சுக்காவில் ஏற்கெனவே சீரகம் இருக்கிறதே என்று குறைக்காதீர்கள். சில்லிக்குச் சில்லி என்ற மணத்தைக் கொடுப்பதே சீரகம்தான்.

ஓரிகானோ என்று குறிப்புகளில் இருக்கும். அதற்குக் காசு கொடுத்துப் புட்டி வாங்க வேண்டியதில்லை. மாடியில் தொட்டியில் வளர்க்கிற கற்பூரவல்லி இலை இரண்டைப் பொடியாகக் கிள்ளிப் போடுங்கள். ஓரிகானோவுக்கு மணம் தருகிற கார்வக்ரால் என்ற எண்ணெய்ப் பொருள் கற்பூரவல்லியிலும் இருக்கிறது, க்யூபா ஓரிகானோ என்றே அதற்கு வெளிநாட்டில் ஒரு பெயர் உண்டு. மதினி இதைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போகும்போது ஒரு கிளையை எடுத்துப் போக முடியுமா என்று கேட்டார். விமான நிலையத்தில் விடமாட்டார்கள் என்று அண்ணன் தடுத்துவிட்டான்.

பயறு போடலாமா கூடாதா என்பது அங்கே பெரிய சண்டை. டெக்சாஸில் பழமை பேசுகிறவர்கள் பயறு போட்டால் அது சில்லியே இல்லை என்பார்கள். டெர்லிங்குவா என்ற ஊரில் 1967 முதல் நடக்கிற சில்லிப் போட்டிகள் பேர் பெற்றவை, அந்த மாதிரிப் போட்டிச் சட்டியில் பயறு விழக் கூடாது. நான் பயறு பக்கம். மிச்சக் கறி என்பதே அளவில் குறைவாக இருப்பது, வீட்டில் ஆறு பேர் சாப்பிட வேண்டுமென்றால் பயறு இல்லாமல் ஆகாது, வயிறும் நிறையும். ராஜ்மா போடலாம், ஆனால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகத் தளதளவென்று கொதித்து வேக வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற பொருள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும், சிறு சூட்டில் மணிக்கணக்காக வைத்தாலும் அது போகாது. குக்கரில் வேகவைப்பவர்களுக்குப் பயமில்லை. சீசனில் கொடைக்கானலிலிருந்து வருகிற டபுள் பீன்ஸ் இருந்தால் எனக்கு ராஜ்மாவே வேண்டாம், மாவாகக் கரைகிற அந்தப் பதம் சாறோடு சேரும்போது தனி ருசி. எதுவும் இல்லையா, தட்டைப்பயறு போதும்.

எந்தப் பயறானாலும் தனியாக வேகவைத்துவிட்டுத்தான் சட்டியில் சேர்க்க வேண்டும். தக்காளிப் புளிப்பில் போட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பயறு மெத்தென்று ஆகாது. எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு அதிகம், அதில் வேகவைத்தாலும் இதே கதைதான், பயறுக்கு மட்டும் குடிதண்ணீரை எடுத்துக்கொள்வேன்.

இனி அடுப்பு. அடி கனத்த சட்டியை வைத்து, வழித்து வைத்த கொழுப்பில் பாதியையும் இரண்டு கரண்டி கடலை எண்ணெயையும் விடுங்கள். மிளகாயின் நிறமும் காரமும் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. அதனால் இந்த இடத்தில் எண்ணெயில் கை வைக்காதீர்கள். பெரிய வெங்காயம் மூன்று, பொடியாக நறுக்கியது, ஓரம் பழுப்பாகும்வரை வதக்கணும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், ஆகட்டும். அப்புறம் அரைத்த விழுதைப் போட்டுச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் தெறிக்கும், பச்சை வாசம் அடிக்கும், அப்புறம் நிறம் செங்கல் சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்குப் போகும், கரண்டியால் ஒதுக்கினால் சட்டி அடியில் சிவப்பு எண்ணெய் ஓடிவந்து நிற்கும். அதுவரைக்கும் பொறுமை வேண்டும். இந்த எட்டு நிமிடத்தில் அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டால் பிறகு எவ்வளவு கொதிக்கவிட்டாலும் மிளகாய் தனி, சாறு தனி என்றுதான் இருக்கும்.

தக்காளியை மிக்ஸியில் அடிக்காதீர்கள். ஐந்து நாட்டுத் தக்காளியை அடுப்புத் தீயிலேயே வைத்துத் தோல் கருகி வெடிக்கும்வரை சுட்டு, தோலை உரித்துக் கையால் பிசைந்து சேருங்கள். டெக்சாஸ் சில்லியில் சிலர் சிப்போட்லே என்று புகைமூட்டிய ஹாலப்பீன்யோ மிளகாய் போடுவார்கள், அந்தப் புகை வாசத்துக்குச் சுட்ட தக்காளி ஓரளவு ஈடு கொடுக்கும். தக்காளி சுருண்டதும் எலும்புத் தண்ணீரை வடிகட்டி ஊற்றி, கற்பூரவல்லியையும் போட்டு, நெல்லிக்காய் அளவு கருப்பட்டியை உடைத்துப் போடுங்கள். அங்கே சிலர் கறுப்புச் சாக்லெட் போடுவார்கள், சிலர் பால் சேர்க்காத காபி விடுவார்கள், இனிப்பும் கசப்பும் கலந்த அந்த அடிச்சுவைக்குக் கருப்பட்டி நன்றாகவே பொருந்துகிறது. பாதி மூடி வைத்து, சட்டி ஓரத்தில் மட்டும் குமிழ் வருகிற தீயில் முக்கால் மணி நேரம். இந்த முக்கால் மணி நேரத்தில் கறி சட்டிக்குள் இல்லை என்பதைக் கவனியுங்கள். நேரம் தேவைப்படுவது மசாலாவுக்குத்தான், கறிக்கு அது நேற்றே கிடைத்துவிட்டது.

பிறகு வெந்த பயறு, பத்து நிமிடம். பயறு சாறை இழுத்துக்கொண்டதும் கறி. கறியைப் போட்டபின் தீயைக் கூட்டி ஒரு தடவை நன்றாகக் கொப்புளித்துக் கொதிக்க விடுங்கள், அது பாதுகாப்புக்கு. உடனே தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் வைத்தால் போதும். ஃபிரிட்ஜில் இருந்த கறிக்கு ஒரு பழைய வாடை உண்டு, வெந்த கறியின் கொழுப்பு காற்றுப் பட்டு மாறுவதால் வருவது, கறியில் இருக்கும் இரும்பு அந்த மாற்றத்தை வேகப்படுத்துகிறது. தண்ணீர் தெளித்துச் சூடு பண்ணுகிற சுக்காவில் அது தெரியும். மிளகாய், பூண்டு, சீரகம் இவ்வளவு நிற்கிற சாறில் அந்த வாடை தலை காட்டாது.

உப்பு இப்போதுதான். சுக்காவில் இருக்கும் உப்பு சாறில் இறங்கிய பிறகு ருசி பார்த்துப் போடுங்கள்.

சாறு தண்ணீராகத் தெரிந்தால் உதிர்த்து வைத்த கோலா உருண்டையைத் தூவிக் கிளறுங்கள். அதில் பொட்டுக்கடலை மாவு இருப்பதால் இரண்டு நிமிடத்தில் சாறு இறுகும், கறி ருசியும் கூடும். கோலா இல்லாத நாளில் வறுத்த மக்காச்சோள மாவு ஒரு மேசைக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். அங்கே மாசா என்ற மாவைப் போடுவார்கள், மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்தது. பாக்கெட்டில் வெள்ளையாக வருகிற கார்ன்ஃப்ளோர் மட்டும் வேண்டாம், சூப் மாதிரி வழவழப்பாகிவிடும். வறுத்த கம்பு மாவும் போடலாம், நிறம் சற்று மங்கும், மணம் நன்றாக இருக்கும்.

அடுப்பை அணைத்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பரிமாறும்போது எலுமிச்சை பிழிந்து, நறுக்கிய சின்ன வெங்காயமும் மல்லித்தழையும் மேலே. ஆட்டுக்கொழுப்பு ஆறினால் வாயில் மேலண்ணத்தில் ஒட்டும், அதனால் சூடாகவே சாப்பிட வேண்டும். சோறு, பரோட்டா இரண்டுக்கும் சேரும். எனக்குக் கம்பங்களிக்கு இதைப் போல வெஞ்சனம் வேறெதுவும் இல்லை என்றே தோன்றுகிறது. களியை நடுவில் குழித்து, அதில் ஒரு கரண்டி சில்லி.

ஒரே நாளில் முடியாத அளவுக்கு இருந்தால், அன்றைக்கே ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து உறையவைத்துவிடுங்கள், இரண்டு மாதம் வரைக்கும் ருசி குறையாது. வேண்டியதை மட்டும் எடுத்து ஒரே ஒரு தடவை சூடு பண்ணுங்கள், மீண்டும் உள்ளே போக வேண்டாம். 1922இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் கடை போட்ட மாசிடோனியச் சகோதரர்கள் இருவர் சில்லியை ஸ்பகெட்டி மேல் ஊற்றிக் கொடுத்து அந்த ஊருக்கே அதைப் பழக்கிவிட்டார்கள். மதுரையில் அதற்குரிய இடம் கறிதோசை. சில்லியைச் சட்டியில் வற்றவிட்டு, கரண்டியில் நிற்கிற பதத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் கனமாகத் தோசை ஊற்றி, மாவு பச்சையாக இருக்கும்போதே அடித்த முட்டையை மேலே விட்டுப் பரப்பி, அதன் மேல் சில்லியைப் போட்டுக் கரண்டியால் லேசாக அழுத்திவிடுங்கள். சுற்றி நல்லெண்ணெய். அடி முறுகியதும் திருப்பிப் போட்டு ஒரு நிமிடம், கறி பக்கம் கல்லில் சிவந்ததும் எடுத்துவிடலாம். தொட்டுக்கொள்ளச் சால்னாவோ சட்னியோ எதுவும் தேவையில்லை.